ஆரஞ்சுக் கூரை போனதற்கு யார் அழுவது?

2022-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், லேக் ஜார்ஜ் என்ற சுற்றுலா ஊரில், ஒரு சாப்பாட்டுக் கடை மூடப்பட்டது. கடை மூடுவது ஒரு செய்தியா என்று கேட்கலாம். 'ஹோவர்ட் ஜான்சன்ஸ்' என்ற பெயரில் அமெரிக்க நெடுஞ்சாலைகள் எங்கும் ஏறக்குறைய ஆயிரம் கிளைகள் பரப்பி, 1960-களிலும் 70-களிலும் அந்த நாட்டின் மிகப் பெரிய உணவக வலைப்பின்னலாக இருந்த நிறுவனத்தின் கடைசிக் கடை அது. அந்தப் பெயரில் தங்கும் விடுதிகள் இன்னும் இருக்கின்றன. சோறு போட்ட கடை ஒன்றுகூட இல்லை.

கடை போனதும் ஒப்பாரி தொடங்கிவிட்டது. ஆரஞ்சு நிறக் கூரை, உச்சியில் சின்னக் கோபுரம், அதன் மேல் காற்றுத்திசை காட்டி, 28 வகை ஐஸ்கிரீம், பொரித்த சிப்பி. 'ஆகா, அப்பா காரை நிறுத்துவாரே, நாங்க எல்லாம் இறங்கி ஓடுவோமே' என்று வெள்ளை நடுத்தர வர்க்கம் கண்ணீர் விடுகிறது. இதற்கென்றே அலைகிற ஆர்வலர்கள் உண்டு. எந்த ஊரில் எந்தத் திருப்பத்தில் கடை இருந்தது, இப்போது அந்தக் கட்டடம் வங்கியா, பல் மருத்துவமனையா, வெறும் பார்க்கிங் மைதானமா என்று பட்டியல் போடுகிறார்கள். வேறு பெயிண்ட் அடித்திருந்தாலும் கூரையின் வடிவத்தைப் பார்த்தே 'இது பழைய ஹோவர்ட் ஜான்சன்ஸ்தான்' என்று கண்டுபிடித்துச் சொல்கிறார்கள்.

பட்டியல் போடட்டும். நல்ல வேலைதான். நமக்கு இருப்பது ஒரே ஒரு கேள்வி. அந்தக் கடைகளில் எந்தெந்தக் கடையில், எந்த ஆண்டு வரைக்கும், கறுப்பு மனிதரை உள்ளே உட்கார விடவில்லை என்ற பட்டியலை யார் போடுவது?

கதையைக் கொஞ்சம் முதலிலிருந்து பார்ப்போம். ஹோவர்ட் டியரிங் ஜான்சன் என்பவர் 1925-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் குவின்ஸி நகரத்தின் வோலஸ்டன் பகுதியில் ஒரு மருந்துக்கடையை வாங்கினார். அங்கே கொழுப்புச் சத்து கூடுதலான ஐஸ்கிரீம் செய்து விற்றார். 1935-ல் தன் பெயரை இன்னொருவருக்குக் கொடுத்து, 'கடை உன்னுடையது, பெயரும் சரக்கும் என்னுடையது' என்ற ஏற்பாட்டில் கிளை திறந்தார். இன்று ஊருக்கு ஊர் பார்க்கிறோமே கிளை உரிமை வியாபாரம், அதற்கு அமெரிக்காவில் வழி போட்டவர்களில் அவர் ஒருவர். 1940-ல் பென்சில்வேனியா விரைவுச்சாலை திறந்தபோது, அந்தச் சாலையில் உணவு விற்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. கார் பெருகப் பெருகக் கடையும் பெருகியது. மைய சமையற்கூடத்தில் சமைத்து, உறைய வைத்து, லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். எந்த ஊரில் சாப்பிட்டாலும் ஒரே ருசி. தெரியாத ஊரில் நம்பி நுழையலாம் என்பதுதான் அந்த ஆரஞ்சுக் கூரை கொடுத்த வாக்குறுதி.

தெரியாத ஊரில் நம்பி நுழையலாம். யார் நுழையலாம்?

அதே நெடுஞ்சாலைகளில் கறுப்பின மக்களும் கார் ஓட்டினார்கள். அவர்கள் கையில் வேறொரு புத்தகம் இருந்தது. விக்டர் ஹியூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் 1936 முதல் வெளியிட்ட வழிகாட்டி, 'பச்சைப் புத்தகம்'. எந்த ஊரில் எந்த வீட்டில் தங்கலாம், எந்தக் கடையில் அடி உதை அவமானம் இல்லாமல் ஒரு வாய் சாப்பிடலாம் என்று அதில் போட்டிருக்கும். அது இல்லாதவர்கள் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு, காரிலேயே தூங்கி, காட்டோரம் ஒதுங்கிப் பயணம் செய்தார்கள். ஒரே சாலைக்கு இரண்டு வரைபடம். ஊருக்கும் சேரிக்கும் தனித்தனிப் பாதை போட்டு வைத்திருக்கிற நாட்டில் பிறந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1957 அக்டோபர் 10. டெலவேர் மாநிலம் டோவரில் இருந்த ஹோவர்ட் ஜான்சன்ஸ் கடைக்குள் கோம்லா அக்பெலி பெடெமா நுழைகிறார். அந்த ஆண்டு மார்ச் மாதம்தான் விடுதலை பெற்றிருந்த கானா நாட்டின் நிதியமைச்சர். கூடவே அவருடைய செயலாளர், அமெரிக்கக் கறுப்பரான பில் சதர்லாந்து. கேட்டது இரண்டு கிளாஸ் ஆரஞ்சுச் சாறு. காசும் கொடுத்தாயிற்று. கடைக்காரர் என்ன சொன்னார்? வாங்கிட்டுப் போகலாம், இங்கே உட்கார்ந்து குடிக்கக் கூடாது. அமைச்சர் தன் அடையாளத்தைக் காட்டிப் பார்த்தார். கறுப்பர் உள்ளே உட்காரக் கூடாது என்பதுதான் பதில்.

இந்த இடத்தில் நிறுத்திக் கவனிக்க வேண்டும். கடைக்காரர் பழச்சாறு தர மறுக்கவில்லை. காசை வாங்க மறுக்கவில்லை. கறுப்புக் கை தொட்ட காசு கல்லாப்பெட்டியைத் தீட்டுப்படுத்தவில்லை. நாற்காலிதான் பிரச்சினை. சக மனிதனாகப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே வகைக் கிளாஸில், ஒரே நேரத்தில் குடிப்பதுதான் பிரச்சினை. 'எடுத்துட்டுப் போ, உட்காராதே.' இது டோவரில் பேசப்பட்ட ஆங்கிலம் மட்டுமல்ல. நம் டீக்கடைகளில் நம் தாத்தாக்கள் தமிழில் கேட்ட அதே வாக்கியம்.

பெடெமா சும்மா போகவில்லை. பத்திரிகைகளிடம் பேசினார். கானா விடுதலை விழாவுக்கு வந்த துணை அதிபர் நிக்ஸன் தன் வீட்டில் சாப்பிட்டுப் போனதைச் சுட்டிக்காட்டி, சாலையோரக் கடையில் எனக்கு இந்த நடத்தையா என்று கேட்டார். உலகம் முழுக்கச் செய்தியானது. அதிபர் ஐசனோவர் பதறிப்போய் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் காலை உணவு கொடுத்தார். ஏன் பதறினார்? பனிப்போர்க் காலம். புதிதாக விடுதலை பெறுகிற ஆப்பிரிக்க நாடுகள் சோவியத் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. அந்தக் காலை உணவு ஒரு அமைச்சருக்குக் கிடைத்தது. டோவரில் குடியிருந்த கறுப்புத் தொழிலாளிக்கு அந்த மேசையில் ஒரு கோப்பைத் தண்ணீர்கூட வைக்கவில்லை.

இந்தக் கேலிக்கூத்தை 1961-ல் பால்டிமோரின் 'ஆஃப்ரோ அமெரிக்கன்' இதழ் அம்பலப்படுத்தியது. மேரிலாண்டு வழியாகப் போகும் 40-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஆப்பிரிக்கத் தூதர்களுக்குச் சாப்பாடு மறுக்கப்பட்ட சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. சாட் நாட்டுத் தூதரும் அவமானப்பட்டார். அமெரிக்க வெளியுறவுத் துறை கடை கடையாகப் போய் 'தூதர்களுக்காவது பரிமாறுங்கள்' என்று கெஞ்சியது. அந்த ஆகஸ்டில் அந்த இதழின் கறுப்பின நிருபர்கள் மூன்று பேர் பகட்டான உடை உடுத்தி, சொகுசுக் கார் ஏறி, 'கோபான்' என்ற இல்லாத நாட்டின் பிரமுகர்களாகக் கிளம்பினார்கள். பல கடைகளில் மரியாதையோடு உபசரித்தார்கள்! அதே தோல், அதே ஊர்க்காரர்கள். இல்லாத நாட்டின் குடிமகனுக்குக் கிடைத்த நாற்காலி, இருக்கிற நாட்டின் குடிமகனுக்குக் கிடைக்கவில்லை. சேரியிலிருந்து படித்துப் போய் அதிகாரியாகத் திரும்புகிறவனைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, அவன் அப்பனைத் திண்ணையில் நிற்க வைக்கிற ஊர்களை நாம் அறிவோம். அதுவும் மரியாதை அல்ல, இதுவும் மரியாதை அல்ல.

கதவைத் திறந்தது கெஞ்சல் அல்ல, போராட்டம். 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோவில் நான்கு கல்லூரி மாணவர்கள் வுல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1957 ஜூனில், டர்ஹாம் நகரத்தில் ஒரு ஐஸ்கிரீம் கடையில் வெள்ளையர் பகுதியில் உட்கார்ந்து கைதானவர்கள் ஏழு பேர். 1962-ல் 'கோர்' எனப்பட்ட இனச் சமத்துவப் பேரவை 'விடுதலை நெடுஞ்சாலைகள்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. குறி வைத்த முக்கியமான பெயர் எது தெரியுமா? ஹோவர்ட் ஜான்சன்ஸ்.

ஏன் அந்தக் கடை? பெரிய பெயர், வடக்கிலும் தெற்கிலும் ஒரே கூரை. வடக்கில் 'எல்லோரும் வருக' என்று விற்றுக்கொண்டு, தெற்கில் 'உள்ளூர் வழக்கம்' என்று கதவை அடைக்கிற வசதி இந்தக் கிளை உரிமை முறையில் இருந்தது. ஐஸ்கிரீம் ருசி எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டளையிடத் தெரிந்த தலைமைக்கு, மனிதனை நடத்தும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட வாய் வரவில்லை. கூரையின் நிறத்தை ஒப்பந்தத்தில் எழுதுகிறான். தோலின் நிறத்தை மட்டும் உள்ளூர்க்காரன் பொறுப்பில் விடுகிறான். எந்த நிறுவனம் 'அது லோக்கல் மேட்டர்' என்று சொன்னாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், தோழர்களே.

1962 ஆகஸ்டில் டர்ஹாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு அந்தக் கடையை நோக்கிப் போனார்கள். 1963 மே மாதம் வடக்குக் கரோலினாவின் கறுப்பினக் கல்லூரி மாணவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அலை அலையாக வந்து கடையின் வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைது. சிறை போதவில்லை. புதிதாகத் தேர்வாகியிருந்த மேயர் சில நாட்களிலேயே பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தார். நகரத்தின் பல உணவகங்கள் கதவைத் திறந்தன. அந்த ஆரஞ்சுக் கூரைக்குக் கீழே உட்காரும் உரிமையை வாங்கித் தந்தவர்கள், அதற்கு வெளியே தார்த்தரையில் உட்கார்ந்த பிள்ளைகள்.

1964 ஜூலை 2 அன்று குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. உணவகம், விடுதி, அரங்கு எதிலும் இனம் பார்த்து மறுக்கக் கூடாது. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. அலபாமாவில் பர்மிங்காம் நகரத்தின் ஒரு இறைச்சி உணவகத்தின் வழக்கு அதில் ஒன்று. அங்கேயும் அதே ஏற்பாடுதான். கறுப்பருக்குப் பொட்டலம் உண்டு, இருக்கை இல்லை. நீதிமன்றம் எந்தக் காரணம் சொல்லி அதைத் தடுத்தது? கடைக்கு வரும் இறைச்சி வெளிமாநிலத்திலிருந்து வருகிறது, ஆகவே மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் மனிதன் உள்ளே போவதற்கு மாட்டிறைச்சியின் பயணச்சீட்டு தேவைப்பட்டது என்பதையும் மறக்க முடியாது.

சரி, இவ்வளவு பெரிய வலைப்பின்னல் எப்படிக் காணாமல் போனது? கறுப்பரை உள்ளே விட்டதால் நொடித்தது என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே விட்ட பிறகு இன்னும் பல ஆண்டுகள் கொழித்தது. மெக்டொனால்டு வகைத் துரித உணவுக் கடைகளோடு போட்டி, 1970-களின் எண்ணெய் நெருக்கடி, செலவைக் குறைக்கிறேன் என்று உணவின் தரத்தைக் குறைத்தது, இவையெல்லாம் சேர்ந்தன. 1980 வாக்கில் பிரிட்டனின் இம்பீரியல் குழுமம் 63 கோடி டாலருக்கு வாங்கியது. 1985-ல் ஏறக்குறைய அதில் பாதி விலைக்கு மாரியட்டிடம் கைமாறியது. மாரியட் தன் கைக்கு வந்த உணவகங்களை வேறு பெயருக்கு மாற்றியது அல்லது மூடியது. மிச்சமிருந்த கிளைக்காரர்கள் சங்கம் வைத்து இழுத்துப் பார்த்தார்கள். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்துக் கடை 2005-ல் போனது, பேங்கர் நகரத்துக் கடை 2016-ல், கடைசியாக லேக் ஜார்ஜ். சந்தை வளர்த்ததைச் சந்தையே தின்றது.

இதோடு வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு மறைவு இருக்கிறது. அதற்கு யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. பச்சைப் புத்தகத்தில் இருந்த கறுப்பினக் கடைகள், விடுதிகள், சத்திரங்கள் எங்கே? பெரும்பாலானவை இன்று இல்லை. அதே டர்ஹாமில் ஹேட்டி என்றொரு கறுப்பினக் குடியிருப்பு இருந்தது. கடைகளும் கொட்டகையும் தேவாலயமும் சொந்தத் தொழில்களுமாக நிமிர்ந்து நின்ற பகுதி. 'நகர மறுசீரமைப்பு' என்று சொல்லி அதை இடித்து, நடுவே விரைவுச்சாலை போட்டார்கள். ஹோவர்ட் ஜான்சனை வளர்த்ததும் நெடுஞ்சாலை, ஹேட்டியை அறுத்ததும் நெடுஞ்சாலை. ஒருவன் கடை விலைபோனது, கையில் கோடிகள் வந்தன. இன்னொருவன் கடை புல்டோசரில் போனது. இரண்டையும் 'காலம் மாறிப்போச்சு' என்ற ஒரே சொல்லால் மூடிவிடலாமா?

பெயரிலேயே இனவெறியைச் சுமந்த இன்னொரு சாலையோர உணவக வலைப்பின்னலும் உண்டு. 'சாம்போஸ்'. அதுவும் 1957-ல்தான் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் தொடங்கியது. உரிமையாளர்கள் இருவரின் பெயர்களைச் சேர்த்தது என்றார்கள். ஆனால் சுவரெல்லாம் 'சின்னக் கறுப்பு சாம்போ' கதைப் படங்கள். அந்தச் சிறுவர் கதையை எழுதிய ஹெலன் பானர்மன், வெள்ளை மருத்துவர் ஒருவரின் மனைவியாக நம் சென்னை மாகாணத்தில் வாழ்ந்தவர். புத்தகம் 1899-ல் வந்தது. கதையில் புலிகள் உருகி நெய்யாகும்! நம் மண்ணில் உட்கார்ந்து காலனியக் கண் எழுதிய கதை, கடல் கடந்து கறுப்புக் குழந்தைகளைப் பள்ளிகளில் கேலி செய்யும் வசைப்பெயரானது. ஆயிரத்துக்கும் மேல் கிளை பரப்பிய அந்த நிறுவனம் எதிர்ப்புகளுக்கும் நட்டத்துக்கும் நடுவே 1981-ல் திவாலானது. மிச்சமிருந்த முதல் கடை, 2020-ல் ஜார்ஜ் பிளாய்ட் கொலைக்குப் பின் எழுந்த போராட்டத்தில்தான் பெயரை மாற்றிக்கொண்டது. 63 ஆண்டு!

கடை மறைந்தால் வெறி மறையுமா? 1993-ல் மேரிலாண்டின் அனபோலிஸில் டென்னிஸ் என்ற உணவகத்தில், அதிபரின் பாதுகாப்புப் பணியில் வந்த கறுப்பினக் காவல் அதிகாரிகள் ஆறு பேர் சாப்பாடு வராமல் காத்துக் கிடந்தார்கள். பக்கத்து மேசைகளில் வெள்ளைச் சகாக்கள் சாப்பிட்டு முடித்தார்கள். வழக்குகள் சேர்ந்து, 1994-ல் அந்த நிறுவனம் 5 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டி வந்தது. 'உள்ளே வராதே' என்பது போய், 'வா, ஆனால் காத்திரு' என்றானது. அவ்வளவுதான் மாற்றம்.

இனி நம் பக்கம் வருவோம். உணவகத்துக்குள் நுழையும் உரிமையை அமெரிக்கச் சட்டம் 1964-ல் எழுதியது. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவான நம் அரசியல் சட்டம் 1950-லேயே 15-ஆம் பிரிவில் கடை, உணவகம், விடுதி என்று பெயர் சொல்லி எழுதிவிட்டது. 14 ஆண்டு முந்தினோம், ஏட்டில். 1957-ல், பெடெமா டோவரில் அவமானப்பட்ட அதே ஆண்டில், சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள். எழுத்து அழிந்தது, நல்லது. ஆனால் நகரத்துப் பலகையில் அழிந்தது கிராமத்து டீக்கடையில் கண்ணாடி கிளாஸும் சிரட்டையுமாக, எவர்சில்வரும் அலுமினியமுமாக நின்றது. அந்தக் கடைகளை நடத்தியது பிராமணர்கள் மட்டுமா? இந்தக் கேள்வியைத் தமிழகத்து மேடைகள் எளிதில் எழுப்புவதில்லை. 2022-ல் அமெரிக்காவில் கடைசி ஆரஞ்சுக் கூரை போன அதே ஆண்டு டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில் இரட்டைக் குவளை வைத்திருந்ததாக டீக்கடைக்காரர் மீது வழக்குப் பதிவானது.

பல ஊர்களில் இரட்டைக் குவளை 'மறைந்துவிட்டது' என்கிறார்கள். எப்படி மறைந்தது? எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ் கொடுத்தா? இல்லை, காகிதக் கப் வந்ததால். குடித்துவிட்டுத் தூக்கி எறிகிற கப்புக்குச் சாதி பார்க்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். தீண்டாமையைக் கைவிடாமலே வழக்கிலிருந்து தப்பிக்கிற தந்திரம் சில இடங்களில் இப்படி வேலை செய்கிறது. சில ஊர்களில் கடையே மூடிப்போனது, இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. இன்னும் இருபது ஆண்டு போனால், 'எங்க ஊர் டீக்கடை பெஞ்சு, ஆகா, என்ன அரட்டை, என்ன சமத்துவம்' என்று ஆதிக்க சாதிக்காரன் பேரன் கவிதை எழுதுவான். அந்த பெஞ்சில் நாம் உட்கார முடியாமல் தரையில் குத்துக்காலிட்டுக் குடித்ததை யார் எழுதுவது?

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அமெரிக்காவில் மறைந்த கடைகளைத் தேடித் தேடிப் பட்டியல் போடுகிறவர்களின் பொறுமையை நாமும் கற்றுக்கொள்வோம். உங்கள் ஊரில், சுற்றியுள்ள பத்து ஊரில், டீக்கடையும் சோற்றுக்கடையும் சலூனும் எங்கெங்கே இருந்தன என்று குறியுங்கள். எந்தக் கடையில் தனிக் குவளை இருந்தது, அது எந்தக் கம்பியில் தொங்கியது, அதை யார் கழுவ வேண்டியிருந்தது, முதன்முதலில் யார் பெஞ்சில் உட்கார்ந்தார், அதற்கு என்ன அடி விழுந்தது, வழக்குப் போட்டார்களா, சாட்சி சொன்னது யார், சொல்ல மறுத்தது யார் என்று கேட்டு எழுதுங்கள். எழுபது வயது ஆயாக்களிடமும் தாத்தாக்களிடமும் உடனே போய்க் கேளுங்கள். அவர்கள் போய்விட்டால் சாட்சியும் போய்விடும். சாட்சி போனால் மிஞ்சுவது 'அப்படியெல்லாம் எங்க ஊர்ல இல்லீங்க' என்ற ஊர்ப் பெரியமனுசன் வாக்கு மட்டும்தான்.

ஹோவர்ட் ஜான்சன்ஸ் கட்டடத்தை அதன் கூரையை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். நாம் நம் கடைகளை, வெளியே நிற்க வைக்கப்பட்டவர்கள் நின்ற இடத்தை வைத்துக் கண்டுபிடிப்போம். அந்த இடம் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். போய்க் கேட்பதுதான் பாக்கி.